புதுப்பிப்பு: நானோ கம்பியின் எல்லை ஏன் மங்கலாகத் தெரிந்தது?

குவாண்டம் கணினிக்காக ஆராயப்படும் கலப்பு நானோ கம்பிகளைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். இண்டியம் ஆர்சனைடு கம்பி, அதன் மேல் மெல்லிய அலுமினிய உறை. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் இரண்டும் சேரும் இடம் மங்கலாகத் தெரிகிறது, ஏன் என்று கேட்டிருந்தேன்.

நீங்கள் பலரும் சந்தேகப்பட்ட, மாதிரியை வெட்டப் பயன்படுத்திய காலியம் அயனிக் கற்றைதான் (மின்னேற்றம் பெற்ற காலியம் அணுக்களின் கற்றை) காரணம். குறுக்குவெட்டைச் செதுக்கும்போது அலுமினியப் படிகத்துணுக்குகளின் இடுக்குகளில் காலியம் புகுந்துவிடுகிறது. அதனால் மந்த வாயுவான செனானின் கற்றைக்கு மாறினோம். அப்புறம் நுண்ணோக்கியின் மின்னழுத்தத்தை 200 கிலோவோல்ட்டிலிருந்து 80க்கு இறக்கினோம். அலுமினிய அணு லேசானது. 200இல் எலக்ட்ரான் மோதியே இடம் பெயர்ந்துவிடும்.

இப்போது அணு வரிசைகளை எண்ண முடிகிறது! இண்டியத்தின் அணு எண் 49, அலுமினியத்துக்கு 13. அணு எண் கூடினால் படத்தில் பளிச்சென்று தெரியும்; அதனால் கம்பியின் பக்கம் பளிச்சென்றும் அலுமினியப் பக்கம் மங்கியும் தெரிகிறது. என்னை மிகவும் கவர்ந்தது இரண்டு படிகங்களின் அணு வரிசைகளுக்கு இடையேயான பொருத்தம்தான். இண்டியம் ஆர்சனைடின் அணிக்கோவை அளவு (படிகத்தில் அணு அமைப்பு திரும்பத் திரும்ப வரும் தூரம்) 0.606 நானோமீட்டர், அலுமினியத்துக்கு 0.405. பொருந்தவே பொருந்தாது போலிருக்கும். ஆனால் முன்னதில் இரண்டு 1.212, பின்னதில் மூன்று 1.215. கோபன்ஹேகனின் நீல்ஸ் போர் நிறுவனக் குழு 2015இல் காட்டிய சீரான எல்லைக்கு இந்தக் கணக்கும் கைகொடுக்கிறது.

சரி, படம் சுத்தமாக இருந்தால் போதுமா? போதாது. எல்லையில் குறை இருந்தால் மீக்கடத்து ஆற்றல் இடைவெளிக்குள் (மின்தடையே இல்லாத மீக்கடத்தியில் எலக்ட்ரான் நிலைகள் இருக்கக் கூடாத ஆற்றல் பகுதி) வேண்டாத நிலைகள் நுழையும். அதை அலுமினியம் மீக்கடத்தியாகும் 1.2 கெல்வினுக்கு வெகு கீழே மின்னளவீடு செய்துதான் அறிய முடியும். அதே தொகுதிக் கம்பிகளில் அந்த வேலை நடக்கிறது. முடிவு வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.