ஆறு விசில் வைத்தும் துவரம்பருப்பு வேகவில்லை: அப்பாவுக்காகச் சமைக்கப் பழகுகிறேன், வழி சொல்லுங்கள்

கோவைப்புறம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் மனைவி பணியிட மாறுதல் காரணமாகத் தருமபுரிக்குச் சென்று மூன்று மாதங்கள் ஆகின்றன. வீட்டில் நானும் 79 வயதான என் அப்பாவும் மட்டுமே இருக்கிறோம். தொடக்கத்தில் மெஸ்ஸில் சாப்பாடு வாங்கினோம். அந்தக் காரமும் எண்ணெயும் அப்பாவுக்கு ஒத்துக்கொள்ளாததால், மூன்று வாரங்களாக நானே சமைக்கிறேன். நாங்கள் சைவம். சோறு வடிக்கவும் எளிய பொரியல்கள் செய்யவும் பழகிவிட்டேன். சாம்பாரும் ரசமும்தான் இன்னும் பிடிபடவில்லை.

சாம்பாருக்கு நான் செய்வது இதுதான். முக்கால் டம்ளர் துவரம்பருப்பு, நறுக்கிய காய், தக்காளி, புளிக்கரைசல், சாம்பார்ப்பொடி, உப்பு எல்லாவற்றையும் ஒரே குக்கரில் போட்டு ஆறு விசில் வைக்கிறேன். திறந்து பார்த்தால் காய் குழைந்திருக்கிறது, பருப்பு முழுசு முழுசாக நிற்கிறது. ஒரு பருப்பை எடுத்து விரல்களுக்கு நடுவே அழுத்தினால், அது மாவாக மசியாமல் இரண்டாகப் பிளக்கிறது. நடுவில் வெள்ளையாக ஒரு புள்ளி தெரிகிறது. அப்பாவுக்குக் கடைவாய்ப் பற்கள் இல்லை. நேற்று அவர் பருப்பை ஒவ்வொன்றாகத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிட்டு, ஒன்றும் சொல்லாமல் எழுந்து கை கழுவினார். அதைப் பார்த்த பிறகுதான் இங்கே எழுதுகிறேன்.

ரசத்தில் வேறு சிக்கல். எண்ணெயை நன்றாகக் காயவைத்து, கடுகு, வெந்தயம், பெருங்காயம், மிளகாய் ஆகியவற்றை ஒன்றாகப் போட்டுத் தாளித்து, அதன் மேலேயே புளிக்கரைசலையும் பொடியையும் பருப்புத் தண்ணீரையும் ஊற்றி, பச்சை வாசனை போகும்வரை கொதிக்க வைக்கிறேன். வாசனை போய்விடுகிறது, ஆனால் கடைசியில் ஒரு கசப்பு வந்துவிடுகிறது.

எங்கள் பகுதிக்குச் சிறுவாணித் தண்ணீர் வருவதில்லை. சமையலுக்கு போர் தண்ணீர்தான். குடிக்க மட்டும் கேன் தண்ணீர் வாங்குகிறோம். பருப்பு, மனைவி ஊருக்குப் போகும் முன்பே வாங்கி டப்பாவில் நிரப்பி வைத்தது. ஆறு மாதத்துக்கு மேல் இருக்கும்.

இன்னொன்று. அம்மா இருந்தவரை ரசம் ஈயச்சொம்பில்தான் வைப்பார். அப்பா அந்த ருசியைப் பற்றி அடிக்கடி பேசுகிறார். சொம்பு பரணில் இருக்கிறது. நான் அதைப் பயன்படுத்தலாமா?

பொருநைக்கரை எழுதியது:

வணக்கம் அண்ணா. நானும் தனியாகச் சமைப்பவன்தான். நீங்கள் சொல்லும் அதே முறையில், புளியையும் சேர்த்து ஒரே குக்கரில், இரண்டு ஆண்டுகளாகச் சாம்பார் வைக்கிறேன். ஐந்து விசிலில் பருப்பு கரைந்துவிடுகிறது. முறையில் தவறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. குக்கரின் ரப்பர் வளையம் தளர்ந்து ஆவி பக்கவாட்டில் கசிகிறதா என்று பாருங்கள். கசிந்தால் எத்தனை விசில் வைத்தாலும் உள்ளே போதிய அழுத்தம் சேராது.

குடமுருட்டிக்கரை எழுதியது:

தம்பி, நான் 40 ஆண்டுகளாக அடுப்படியில் நிற்பவள். நீங்கள் எழுதியதைப் படித்தபோது, சாம்பாருக்கும் ரசத்துக்கும் இருப்பது ஒரே குறைதான் என்று தோன்றியது: எது முன், எது பின் என்ற வரிசை. அதைச் சரிசெய்தால் நீங்கள் வாங்கிவைத்திருக்கும் சாமான்களிலேயே நல்ல சமையல் வரும்.

முதலில் பருப்பு. புளி பட்டால் பருப்பு விறைத்துக்கொள்ளும். தக்காளியும் புளிப்புதான். ஆகவே பருப்பை அரை மணி நேரம் ஊறவைத்து, ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர் ஊற்றி, மஞ்சள்தூளும் ஒரு சொட்டு விளக்கெண்ணெயும் மட்டும் விட்டுத் தனியாக வேகவையுங்கள். நான்கு விசிலுக்குப் பிறகு அடுப்பைக் குறைத்து ஐந்து நிமிடம் வைத்து, ஆவி தானாக அடங்கும்வரை திறக்காதீர்கள். திறந்ததும் சூடாக இருக்கும்போதே மத்தால் கடைந்துவிடுங்கள். ஆறிய பருப்பு கடைய வராது. புளிக்கரைசலைக் காயோடும் பொடியோடும் இன்னொரு பாத்திரத்தில் கொதிக்கவிட்டு, பச்சை வாசனை போன பிறகே பருப்பைச் சேர்க்க வேண்டும். காயையும் முக்கால் பதம் வெந்த பிறகுதான் புளியில் போட வேண்டும். இல்லையென்றால் பூசணி தவிர மற்றதெல்லாம் நறுக்கென்று நிற்கும். வெண்டைக்காய்க்கு மட்டும் இது பொருந்தாது. வதக்கிய வெண்டைக்காயை நேரே புளித்தண்ணீரில் போட்டால்தான் வழவழப்பு அடங்கி, துண்டு உடையாமல் இருக்கும்.

இனி ரசம். உங்கள் கசப்பு எங்கிருந்து வருகிறது என்பதை நீங்களே எழுதிவிட்டீர்கள். கடுகு வெடிக்க நேரம் எடுக்கும், அதற்குள் வெந்தயம் கறுத்துவிடும், பெருங்காயமும் கருகும். இரண்டும் கருகினால் கசப்பைத் தவிர வேறொன்றும் தராது. சாதாரண ரசத்துக்கு வெந்தயமே வேண்டாம் என்பது என் கருத்து. எலுமிச்சை அளவு புளியில் பாதியை எடுத்து இரண்டு டம்ளர் தண்ணீரில் கரைத்து, ஒரு தக்காளியைப் பிசைந்துவிட்டு, மஞ்சள், உப்பு, பெருங்காயம் சேர்த்துப் பத்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். கொதிக்க வேண்டியது இந்தக் கட்டத்தில்தான், பிறகு அன்று. அடுத்து ஒரு தேக்கரண்டி மிளகும் ஒரு தேக்கரண்டி சீரகமும் கொரகொரப்பாகப் பொடித்துப் போட்டு, ஒன்றரை டம்ளர் பருப்புத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் பக்கத்திலேயே நில்லுங்கள். ஓரங்களில் வெள்ளை நுரை தோன்றி, வட்டம் நடுவை நோக்கிச் சுருங்கி, பொங்கி எழும். அந்த நொடியில் இறக்கிவிட வேண்டும். தளதளவென்று கொதித்துவிட்டால் மிளகு சீரகத்தின் மணம் ஆவியோடு போய்விடும், உறைப்பு மட்டும் மிஞ்சும். நெய்யில் கடுகு வெடித்த பிறகு அடுப்பை அணைத்துவிட்டுக் கறிவேப்பிலையைப் போட்டு, அதை ரசத்தில் கொட்டி உடனே மூடுங்கள்.

அப்பாவுக்குப் பல் இல்லை என்கிறீர்கள். துவரம்பருப்போடு போராடும் இந்த நாட்களில் பாசிப்பருப்புக் கூட்டு வைத்துக்கொடுங்கள். அரை டம்ளர் பாசிப்பருப்பை வெறும் வாணலியில் வாசனை வரும்வரை வறுத்துக் கழுவி, சிறிதாக நறுக்கிய சௌசௌ ஒன்றோடு மூன்று விசில் வைத்தால் இரண்டும் குழைந்துவிடும். மூன்று மேசைக்கரண்டித் தேங்காய்த் துருவல், ஒரு தேக்கரண்டி சீரகம், நான்கைந்து மிளகு அரைத்துச் சேர்த்து, ஒரு கொதி வந்ததும் இறக்கித் தேங்காயெண்ணெயில் தாளியுங்கள். இதில் புளியே கிடையாது. சோற்றை நன்றாகக் குழைத்து இதைப் பிசைந்து கொடுத்தால் வயதானவர்கள் மெல்லாமலே விழுங்குவார்கள். சௌசௌ இல்லாத நாளில் புடலை, பீர்க்கு, சுரை எதுவானாலும் இதே முறைதான்.

ஈயச்சொம்பைப் பொறுத்தவரை எங்கள் வீட்டில் இன்றும் அதில்தான் ரசம் வைக்கிறேன். ஆனால் வெறும் சொம்பை அடுப்பில் வைத்தால் உருகிவிடும். உள்ளே திரவம் நிரம்பியிருக்க வேண்டும், தணல் சிறியதாக இருக்க வேண்டும், தாளிப்பை அதிலே செய்யக் கூடாது. பழகாத கைக்கு அதைத் தர எனக்குத் தயக்கமாக இருக்கிறது.

கரும்பலகை எழுதியது:

வணக்கம். நான் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் கற்பிக்கிறேன். மேலே அம்மா அனுபவத்தால் சொன்னதற்கும், பொருநைக்கரை நண்பருக்கு அதே முறை பலிப்பதற்கும் முரண் இல்லை என்பதை விளக்க விரும்புகிறேன்.

பருப்பின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டி நிறுத்துவது பெக்டின் என்ற பொருள். அது வெந்நீரில் கரைந்தால்தான் பருப்பு மசியும். அமிலம் இருந்தால் பெக்டின் கரைவது மெதுவாகும். புளியில் இருப்பது டார்டாரிக் அமிலம். தண்ணீரில் கால்சியம் மிகுந்திருந்தாலும் அது பெக்டினோடு பிணைந்து இறுக்கிவிடும். கடினநீர் என்று நாம் சொல்வது இதைத்தான். வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் பல மாதங்கள் கிடந்த பருப்பு, எந்தத் தண்ணீரிலும் மெதுவாகவே வேகும். நெல்லை நண்பர் பொருநைக்கரையிடம் இருப்பது புளி ஒன்று மட்டும். மென்மையான நீரும் புதிய பருப்பும் அதை ஈடுகட்டிவிடுகின்றன. கோவைப்புறம் ஐயாவிடம் மூன்றும் சேர்ந்துவிட்டன. குக்கருக்குள் வெப்பம் 120 டிகிரி செல்சியஸ் வரை போனாலும், மூன்றும் சேர்ந்த பருப்புக்கு அது போதாமல் போகலாம்.

பருப்பை மட்டும் கேன் தண்ணீரில் வேகவையுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு டம்ளர்தான் செலவாகும். கேன் தீர்ந்த நாளில் போர் தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆறியபின் அடியில் படிந்த வெள்ளையைக் கலக்காமல் மேலாக வடித்துப் பயன்படுத்தினால், கால்சியத்தின் ஒரு பகுதியாவது நீங்கும். ஆப்பச்சோடா போட்டால் சீக்கிரம் வெந்துவிடும் என்று யாராவது சொல்லலாம். வேகும், ஆனால் பருப்பில் உள்ள பி1 வைட்டமின் அழிந்துவிடும். தினமும் பருப்பை நம்பிச் சாப்பிடும் ஒரு முதியவருக்கு அதைச் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சொம்பைப் பற்றி அழுத்தமாக ஒன்று சொல்ல வேண்டும். ஈயச்சொம்பு என்று அழைத்தாலும் அது வெள்ளீயத்தால் ஆனது. வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும், அம்மா எச்சரித்தது அதனால்தான். காரீயம் வேறு உலோகம், நஞ்சு. புளியின் அமிலம் காரீயத்தைக் கரைத்து உணவில் சேர்க்கும். வீட்டிலேயே ஒரு முதல்கட்டச் சோதனை செய்யலாம். சொம்பின் எடையைக் கிராமில் அளந்துகொள்ளுங்கள். ஒரு பெரிய பாத்திரத்தைத் தட்டில் வைத்து விளிம்புவரை தண்ணீர் நிரப்பி, சொம்பை மெதுவாக, உள்ளே காற்று நிற்காமல் முழுக்க அமிழ்த்தி, தட்டில் வழிந்த தண்ணீரையும் எடைபோடுங்கள். சொம்பின் எடையை வழிந்த தண்ணீரின் எடையால் வகுத்தால், வெள்ளீயத்துக்கு 7.3 அளவிலும் காரீயத்துக்கு 11.3 அளவிலும் வர வேண்டும். எட்டைத் தாண்டினால் அந்தச் சொம்பில் எதையும் சமைக்காதீர்கள். 7.3 வந்தாலும் சிறிதளவு காரீயம் கலந்திருப்பதை இந்தச் சோதனை காட்டிக்கொடுக்காது. உலோகப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துப் பார்த்தால்தான் உறுதியாகத் தெரியும்.

பொருநைக்கரை எழுதியது:

விளக்கத்துக்கு நன்றி ஐயா. போன ஆண்டு சென்னையில் அக்கா வீட்டில் இதே சாம்பாரை வைத்து, பருப்பு வேகாமல் போனபோது குக்கரைத்தான் குறை சொன்னேன். அண்ணா, என் முதல் பதிலை விட்டுவிட்டு அம்மா சொன்னபடி செய்யுங்கள்.

கோவைப்புறம் எழுதியது:

பதில் எழுதிய அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. பத்து நாட்களாக நீங்கள் சொன்னவற்றைச் செய்து பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

முதல் நாளே மூன்று சிறிய கிண்ணங்களை ஒரே குக்கருக்குள் வைத்து வேகவைத்தேன். ஒன்றில் பழைய பருப்பும் போர் தண்ணீரும், இரண்டாவதில் பழைய பருப்பும் கேன் தண்ணீரும், மூன்றாவதில் அன்று வாங்கிய புதுப் பருப்பும் கேன் தண்ணீரும். எதிலும் புளி இல்லை. முதல் கிண்ணத்தில் புளி இல்லாமலேகூட அந்த வெள்ளைப் புள்ளி இருந்தது. இரண்டாவது, கரண்டியால் அழுத்தியதும் மசிந்தது. மூன்றாவதில் பருப்பு என்று தனியாக எடுக்க எதுவும் இல்லை, கரைந்திருந்தது. பழைய பருப்பை ஊறவைத்து அடைக்கு அரைத்துத் தீர்த்துவிட்டேன்.

சௌசௌ கூட்டை அப்பா விரும்பிச் சாப்பிடுகிறார். வாரத்தில் மூன்று நாள் அதுதான். ரசத்தில் நுரை கட்டும் அந்த வட்டத்தை முதல் இரண்டு முறை தவறவிட்டேன், மூன்றாம் முறை பிடித்தேன். அன்று அப்பா டம்ளரில் வாங்கிக் குடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் கேட்டார்.

சொம்பின் எடை 612 கிராம், வழிந்த தண்ணீர் 83 கிராம். வகுத்தால் 7.37 வருகிறது. காரீயச் சொம்பு இல்லை என்பதில் நிம்மதி. ஆனாலும் கலப்பு எதுவும் இல்லை என்று உறுதியாகும்வரை எவர்சில்வர் பாத்திரத்திலேயே ரசம் வைப்பதென்று முடிவு செய்து, அப்பாவிடமும் விவரத்தைச் சொன்னேன். சொம்பைப் புளி போட்டுத் துலக்கி, அவர் உட்காரும் இடத்திலிருந்து தெரியும்படி சமையலறை அலமாரியில் வைத்திருக்கிறேன்.

அடுத்து அவர் கீரை மசியல் கேட்கிறார். குக்கரில் வைக்கலாமா, திறந்த பாத்திரத்திலா?

குடமுருட்டிக்கரை எழுதியது:

திறந்த பாத்திரம்தான் தம்பி. மூடி வைத்தால் கீரையின் பச்சை மங்கிப் பாசி நிறமாகிவிடும். சிறுகீரையோ அரைக்கீரையோ ஒரு கட்டு ஆய்ந்து, மண் போக மூன்று தண்ணீரில் அலசி, பொடியாக நறுக்கி, கால் டம்ளர் தண்ணீரை முதலில் கொதிக்கவிட்டு அதில் போடுங்கள். ஏழெட்டு நிமிடம் போதும். உப்பைக் கடைசியில், கீரை அமுங்கிய பிறகு போடுங்கள். குவியலாக இருக்கும்போது போட்டால் அளவு தப்பிக் கரித்துவிடும். மத்தால் மசித்து, சீரகமும் ஒரு மிளகாயும் தாளித்தால் முடிந்தது. அப்பாவுக்கு மேலே அரைத் தேக்கரண்டி நெய் விட்டுக் கொடுங்கள்.