சோவியத் 70 மி.மீ. லென்ஸ்: உங்கள் கைக்கு வந்த கதையைச் சொல்லுங்கள்

நிழல்விரும்பி:
பீட்டர்ஸ்பர்க், நெவா ஆற்றங்கரை, மைனஸ் 14 டிகிரி. அலெக்ஸா எல்.எஃப். என்ற பெரிய சென்சார் டிஜிட்டல் சினிமா கேமராவில், 70 மி.மீ. அகல ஃபிலிமில் எடுக்கும் படங்களுக்காக சோவியத் லோமோ ஆலை செய்த பழைய லென்ஸ். நான் ஃபோகஸ் பார்க்கிறேன். நான்கு டேக் ஒழுங்காகப் போயின. ஐந்தாவதில் நடிகை அரிக்கேன் விளக்கோடு நடந்து வருகிறார். விளக்கின் சுடர் லென்ஸில் பட்டதும் தேன் நிறத்தில் ஒரு புகைமூட்டம் அவருடைய நெற்றியில் படர்ந்தது. அப்படி ஓர் ஒளியை அதற்குமுன் நான் பார்த்ததில்லை. அந்த நொடியில் லென்ஸின் ஃபோகஸ் வளையம் இறுகிவிட்டது. அதைத் திருப்பும் மோட்டார் உறுமியது, வளையம் நகரவில்லை. அவர் நெருங்க நெருங்க முகம் கலங்கிக்கொண்டே போனது. அன்று அவர் நடித்த மிகச் சிறந்த டேக் அதுதான்.

ஒளிவட்டம்:
லென்ஸைக் குறை சொல்லாதீர்கள் நண்பரே. உள்ளே இருக்கும் பழைய கிரீஸ் குளிரில் கெட்டியாகிவிடும். படப்பிடிப்புக்கு முன்பே இரவு முழுக்கப் பால்கனியில் வைத்துச் சோதித்திருக்க வேண்டும். வளையத்தை ஒட்டி வெப்பப் பொதி கட்டியிருக்கலாம். இன்னொன்று, குளிர்ந்த லென்ஸை அப்படியே அறைக்குள் கொண்டுவராதீர்கள். பையில் போட்டு மூடி, அறைச் சூட்டுக்கு வந்த பிறகே திறக்க வேண்டும். இல்லாவிட்டால் கண்ணாடியில் நீர் கோத்துக்கொள்ளும்.

என் கதை சின்னது. இணையத்தில் லோமோ என்று பார்த்ததும் வாங்கிவிட்டேன். லோமோ லென்ஸ்களின் பெயரில் 'ஓ.கே.எஸ்.' எழுத்துகளுக்குப் பின்னால் வரும் எண்களில் நடுவில் இருப்பது குவியத்தூரம் என்று தெரியும். எந்த ஃபிலிம் அளவுக்கானது என்று கேட்கத் தோன்றவில்லை. வந்தது கொன்வாஸ் என்ற சோவியத் 35 மி.மீ. ஃபிலிம் கேமராவின் லென்ஸ். எல்.எஃப். சென்சாரின் மூலைவிட்டம் 44.7 மி.மீ., அதை முழுதாக மூட அந்த லென்ஸின் பட வட்டம் போதவில்லை. நான்கு மூலையும் கறுப்பு. மானிட்டரில் அதைப் பார்த்ததும் தொண்டை அடைத்துக்கொண்டது.

தையல்ஊசி:
இரவு முழுக்கப் பால்கனியில் வைக்கச் சொல்வது எளிது. வாடகை லென்ஸை யார் அப்படி வைப்பார்கள்?

70 மி.மீ. லென்ஸ் கிடைக்காதவர்கள் கீவ் அர்செனால் ஆலையின் மீடியம் ஃபார்மட் லென்ஸ்களைப் பாருங்கள். 6×6 செ.மீ. படத்துக்கு வடிவமைத்தவை என்பதால் எல்.எஃப். சென்சாரை முழுதாக மூடும். அவற்றில் பலவற்றுக்கு உள்ள பென்டகான் சிக்ஸ் மவுண்டில் (லென்ஸை மாட்டும் வாய்), மவுண்டிலிருந்து ஃபிலிம் வரை தூரம் 74.1 மி.மீ.; சினிமா கேமராக்களின் பி.எல். மவுண்டில் சென்சார் வரை 52. இடையில் மவுண்டை மாற்றும் இணைப்பு வளையம் வைக்கத் தாராளமாக இடம் இருக்கிறது. பலர் தேடும் சோவியத் புகைப்பட லென்ஸான ஹீலியோஸ் 44-2-க்கு அந்தத் தூரம் 45.46தான், பி.எல். கேமராவில் வெறும் இணைப்பு வளையத்தோடு மாட்டினால் தொலைவில் ஃபோகஸ் கிடைக்காது.

பெர்லினில் ஒரு முதிய தையல்காரரை அர்செனாலின் வேகா-12 லென்ஸில், துளையை 2.8-க்குத் திறந்து எடுத்தேன். ஊசிமுனை கூர்மையாக நின்றது. பின்னால் ஜன்னல் வெளிச்சம் அவருடைய நரைமுடியைச் சுற்றிப் பால்போலக் கசிந்தது. அவர் நூல் கோக்க மூன்று முறை தவறினார். நான் கேமராவை நிறுத்தவில்லை.

நிழல்விரும்பி:
ஆம், வாடகை லென்ஸ்தான். திறக்கவும் அனுமதியில்லை. ஒளிவட்டம், பை பற்றிச் சொன்னதற்கு நன்றி. ஐந்தாவது டேக்கை நான் அழிக்கவில்லை. விளக்கு ஏறிவரும் அந்த முதல் நான்கு நொடிகளை மட்டும் போட்டுப் பார்ப்பேன்.