பீகார்ப் பெண்ணுக்கு நம்ம பங்குனி நோம்பியை எப்படிக் காட்டுவது?

நொய்யல்கரை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கமுங்க. திருப்பூரில் லைன் வீட்டில் குடியிருக்கிறேன். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. எங்கள் லைனில் ஆறு வீடு, அதில் மூன்றில் பீகார்க்காரர்கள். அடுத்த வீட்டுப் பெண் தர்பங்கா பக்கம். வந்து இரண்டு வருஷம் ஆகிறது, என்னை 'தீதி' (அக்கா) என்றுதான் கூப்பிடுவாள்.

இந்த 2025-இல் மார்ச் 14 ஹோலி. முந்தின நாள் ராத்திரி பக்கத்துக் காலி இடத்தில் விறகும் வறட்டியும் அடுக்கி ஹோலிகாவை எரித்தார்கள். காலையில் கதவைத் திறந்தால் தட்டில் குலால் பொடியோடு நிற்கிறாள். முதலில் குனிந்து என் காலில் ஒரு சிட்டிகை வைத்துக் கும்பிட்டாள், அப்புறம்தான் கன்னத்தில் தடவினாள். மூத்தவர்களுக்குக் காலில் வைப்பது அவர்கள் ஊர் வழக்கமாம். எனக்கு முப்பத்தெட்டு வயசு. என் காலை இதுவரை யாரும் தொட்டுக் கும்பிட்டதில்லை, என்ன சொல்வதென்றே தெரியாமல் நின்றேன்.

மதியம் மால்புவா கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் கேட்டாள்: "தீதி, இந்த வசந்தத்துக்கு உங்க ஊரில் என்ன பண்டிகை?" பொங்கல் என்று வாய் வரை வந்துவிட்டது. அதுதான் தையிலேயே முடிந்துவிட்டதே. "பங்குனியில் மாரியாத்தா நோம்பி இருக்குது, பழனிக்குத் தீர்த்தம் போகும்" என்றேன். "அதில் என்ன செய்வீங்க, ஏன் செய்வீங்க?" என்றாள். அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

நான் தாராபுரம் பக்கம் பிறந்தவள். சின்ன வயசில் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு விடியக்காலையில் போய் மாரியாத்தா கோயிலில் நட்டிருக்கிற கம்பத்துக்குத் தண்ணி ஊற்றியிருக்கிறேன். எதுக்கு ஊற்றுகிறோம் என்று யாரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. இப்போது அம்மாவும் இல்லை.

கேட்க வேண்டியது மூன்று. அவளை எங்கே கூட்டிப்போனால் நம்ம நோம்பி புரியும்? கம்பத்துக்கு அவள் தண்ணி ஊற்றலாமா, யாராவது ஏதாவது சொல்வார்களா? அப்புறம், போன வருஷம் ஹோலியும் பங்குனி உத்திரமும் ஒரே நாளில் வந்ததே, இந்த வருஷம் ஏன் ஒரு மாசம் தள்ளிப் போகிறது?

---

காவிரிக்கரை அக்கா எழுதியது:

அம்மிணி, இரண்டாவது கேள்விக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். தாராளமாக ஊற்றலாம். வரிசையில் நிற்கிறவளை எந்த ஊர், என்ன பாஷை என்று கேட்க அங்கே யாரும் இல்லை. நமக்கும் கம்பத்துக்கும் நடுவில் பூசாரி கூடக் கிடையாது. நம்ம சொம்பு, நம்ம கை, நேராக ஊற்றுகிறோம். எனக்கு இந்த நோம்பியில் ரொம்பப் பிடித்ததே இதுதான்.

ஈரோட்டுக்கே கூட்டி வாங்க. இங்கே பெரிய மாரியம்மன், சின்ன மாரியம்மன், காரைவாய்க்கால் மாரியம்மன் மூன்று கோயிலுக்கும் சேர்ந்தே நோம்பி. பங்குனியில் ஒரு செவ்வாய்க்கிழமை பூச்சாட்டு, அதாவது நோம்பி ஆரம்பம், அந்த வாரம் சனிக்கிழமை ராத்திரி கம்பம் நடுவார்கள். மூன்று கிளையாகப் பிரிந்த மரம். மஞ்சள் பூசி வேப்பிலை கட்டி, அம்மனுக்கு எதிரே நட்டுவிட்டால் பிடுங்குகிற வரைக்கும் அதுதான் ஆத்தாளுடைய புருஷன். தேர் அன்றைக்கோ குண்டத்தன்றைக்கோ கூட்டி வராதீங்க, கூட்டத்தில் அந்தப் பெண்ணுக்கு முதுகுகள்தான் தெரியும். சாதாரண நாளில் விடியக்காலை நாலு மணிக்கு வாங்க.

நான் ஈரோட்டுக்கு வாக்கப்பட்டு வந்து இருபத்தாறு வருஷம். வந்த வருஷமே அத்தை என்னைக் கூட்டிப்போனார். பித்தளைச் சொம்பு நிறையத் தண்ணீர், அதில் ஒரு சிட்டிகை மஞ்சள், வாயில் ஒரு கொத்து வேப்பிலை. தலைக்கு ஊற்றிக்கொண்டு ஈரச்சேலையோடு போக வேண்டும். கம்பத்தைச் சுற்றித் தரையெல்லாம் சேறாக இருக்கும், கால் வழுக்கும், முன்னால் நிற்கிறவர் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நகர வேண்டும். முதல் நாள் அவசரத்தில் நான் அடியிலேயே ஊற்றிவிட்டுத் திரும்பிவிட்டேன். அத்தை என்னை நிறுத்தி, தன் சொம்பில் பாதியை என் சொம்பில் சாய்த்தார். "மேலிருந்து ஊத்து சாமி, மூணு கிளையும் நனையோணும்" என்றார். கையை உயர்த்தி ஊற்றினேன். தண்ணீர் மூன்று கிளையும் சேருகிற கவட்டையில் தேங்கி, வேப்பிலையைத் தள்ளிக்கொண்டு, மஞ்சள் கரைந்து, தண்டோடு வழிந்து இறங்கியது. அடியில் இருந்த ஈர மண்ணை எடுத்து அத்தை என் நெற்றியில் வைத்தார். இன்றைக்கும் வேப்பிலை ஊறிய தண்ணீர் வாசம் பட்டால் எனக்கு அந்த விடிகாலைதான் ஞாபகம் வரும்.

ஏன் என்று கேட்டாளே, அதற்கு என் மனசில் இருக்கிற பதில் ஒன்றுதான்: சூடு. வடக்கே குளிர் விட்டு இதமான வெயில் வருகிற காலம் இது. அவர்களுக்கு வசந்தம் என்றால் பூவும் கலரும். நமக்குப் பங்குனி பிறந்தால் வெயில் மண்டையைப் பிளக்கிறது. கிணறு இறங்கும், அம்மை போடும். பெரியம்மை உலகத்தை விட்டே ஒழிந்தது என்று 1980-இல்தான் அறிவித்தார்கள். அதற்கு முன்னால் ஊர் ஊராகக் கொண்டுபோன நோய் அது. சின்னம்மை இன்றைக்கும் இந்த மாசத்தில்தான் அதிகமாக வருகிறது. அதனால்தான் பூச்சாட்டு ஆனதும் பல வீடுகளில் தாளிக்க மாட்டார்கள், வறுக்க மாட்டார்கள், ராத்திரி வெளியூரில் தங்க மாட்டார்கள். வீட்டில் அம்மை போட்டிருந்தால் என்னென்ன செய்வோமோ அதையெல்லாம் ஊரே சேர்ந்து செய்கிறது. ஆத்தாளைக் குளிர வைத்தால் ஊர் குளிரும். மாரி என்றாலே மழைதானே.

மஞ்சளையும் அந்தப் பெண்ணுக்குக் காட்டுங்க. ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்ததை எல்லாரும் பெருமையாகச் சொல்கிறோம். ஆனால் அது வயலிலிருந்து வருகிற நேரத்தை யாரும் கவனிப்பதில்லை. தையில் வெட்ட ஆரம்பித்து, வேகவைத்து, களத்தில் காய்ந்து, பாலீஷ் போட்டு மூட்டையாகி நிற்கிற சமயத்தில்தான் கம்பம் நடுகிறார்கள். எங்கள் அம்மிச்சி ஊரில் மஞ்சள் காடு இருந்த காலத்தில், புது மஞ்சளில் முதல் கைப்பிடியை இடித்து ஆத்தாளுக்கு என்று எடுத்துவைத்துவிட்டுத்தான் மீதியை மண்டிக்கு அனுப்புவார்கள்.

கடைசி நாள் கம்பத்தைப் பிடுங்கி ஊர்வலமாகக் கொண்டுபோவார்கள். வழியெல்லாம் ஜனங்கள் உப்பும் மிளகும் எறிவார்கள். கம்பம் தண்ணீரில் போய்ச் சேரும், அன்றைக்குத்தான் மஞ்சள் நீர். மாமன் மச்சான், கொழுந்தியா என்று முறை உள்ளவர்கள் ஒருத்தர்மேல் ஒருத்தர் ஊற்றிக்கொள்வோம். உங்கள் தங்கச்சியிடம் "இதுதான் எங்க ஹோலி" என்று நீங்கள் சொல்லலாம், கேட்டவுடன் அவளுக்குப் புரிந்துவிடும். ஒன்று மட்டும் மனசைக் கஷ்டப்படுத்துகிறது. கொஞ்ச வருஷமாக மஞ்சள் தண்ணீருக்குப் பதிலாக ஊதாவும் பச்சையுமாகச் சாயப்பொடியைக் கரைத்து ஊற்றுகிறார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் மகனுக்குக் கண்ணில் பட்டு நாலு நாள் கண் திறக்க முடியவில்லை. சூட்டைத் தணிக்க வந்த நோம்பியில் எரிச்சலை ஊற்றலாமா? மஞ்சளும் வேப்பிலையும் போதுமுங்க.

---

வெள்ளகோவில் வாத்தியார் எழுதியது:

மூன்றாவது கேள்விக்கு நான் சொல்கிறேன். வடக்கே மாதக் கணக்கு நிலாவை வைத்து. அவர்களுடைய பால்குன மாதம் பௌர்ணமியில் முடிகிறது, அந்தப் பௌர்ணமிதான் ஹோலி. நம் கணக்கு சூரியனை வைத்து. சூரியன் மீனத்தில் நுழைந்தால்தான் நமக்குப் பங்குனி, அது மார்ச் நடுவில். 2024-இல் பௌர்ணமி மார்ச் 25, பங்குனிக்கு உள்ளேயே நன்றாக விழுந்தது. அதனால் ஹோலியும் உத்திரமும் ஒரே நாள். இந்த வருஷம் பௌர்ணமி மார்ச் 14-லேயே வந்துவிட்டது. நமக்கு அப்போதுதான் பங்குனியே பிறக்கிறது. ஆகவே அடுத்த பௌர்ணமியை ஒட்டி வருகிற உத்திரம்தான் நமக்கு, அது ஏப்ரல் 11. மாதப் பேர் இரண்டும் ஒரே நட்சத்திரத்திலிருந்து வந்தவைதான். உத்திரத்துக்கு வடமொழியில் உத்தர பல்குனி என்று பேர், பால்குனமும் பங்குனியும் அதிலிருந்து பிறந்தவை. பீகார்ப் பெண்ணிடம் இதைச் சொன்னால் சந்தோஷப்படுவாள்.

காவிரிக்கரை அக்கா சொன்ன சூட்டுக் கணக்கு பழனிக்கும் பொருந்தும். தைப்பூசத்துக்குப் பால் காவடியும் புஷ்பக் காவடியும் பார்க்கிறோம். பங்குனி உத்திரத்துக்குப் பெரிதாகப் பேசப்படுவது தீர்த்தக் காவடி. கொடுமுடியில் காவிரித் தண்ணீரைச் செம்பில் மொண்டு, வாயைத் துணியால் கட்டி, காவடியில் தொங்கவிட்டு நடந்தே கொண்டுபோகிறார்கள். எங்கள் ஊர் வழியாக, தாராபுரம் தாண்டிப் பழனி. நவபாஷாணத் திருமேனிக்கு வெயில் காலத்தில் காவிரி நீர். நான் பதினோரு தடவை நடந்திருக்கிறேன். பகலில் தார் ரோட்டில் கால் வைக்க முடியாது, ராத்திரியில்தான் நடை. வழியில் தோட்டத்துக்காரர்கள் நீர்மோரும் பானகமும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நாக்கு ஒட்டிக்கொண்டு நடக்கிறவன் தோளில் செம்பு நிறையத் தண்ணீர் இருக்கும், அதில் ஒரு சொட்டு அவன் தொட மாட்டான். அந்த நடையை அந்தப் பெண் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

---

தாளவாடி மலையடி எழுதியது:

பண்ணாரியை யாரும் சொல்லவில்லையே. சத்தியமங்கலத்திலிருந்து மைசூர் போகிற ரோட்டில், திம்பம் மலை ஏறுகிற அடிவாரத்தில் கோயில். பங்குனியில் செவ்வாய்க்கிழமை விடியலில் குண்டம். குண்டத்துக்குப் போடுகிற விறகை நாங்கள் விறகு என்று சொல்வதில்லை, எரிகரும்பு என்போம். பூசாரி முதலில் இறங்குவார், அப்புறம் பகல் வரைக்கும் ஜனம் இறங்கிக்கொண்டே இருக்கும், எல்லாம் முடிந்து கடைசியில் விவசாயிகள் ஆடு மாடுகளையும் ஓட்டிவருவார்கள். மலையிலிருந்து வருகிற ஜனங்கள் பீனாச்சி ஊதுவார்கள், அந்தச் சத்தத்தை வேறு எங்கேயும் கேட்டதில்லை. பிரசாதம் புற்று மண். எங்கள் வீட்டில் அந்த மண் தீரவே கூடாது, வருஷா வருஷம் டப்பாவை நிரப்பிவிடுவோம்.

எங்கள் பக்கம் கன்னடம் பேசுகிற வீடுகள் நிறைய. யுகாதிக்கு வேப்பம்பூவும் வெல்லமும் கலந்து கொடுப்பார்கள், பேவு பெல்ல என்பார்கள். அப்புறம் சித்திரை ஒன்றுக்கு எங்கள் அம்மா அதே வேப்பம்பூவைப் பறித்துப் பச்சடி வைப்பார். முந்தின ராத்திரியே கண்ணாடிக்கு முன்னால் மாம்பழம், பலாச்சுளை, வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, நகை, காசு வைத்து, காலையில் கண்ணைப் பொத்திக் கூட்டிவந்து கனி காட்டுவார். உங்கள் பக்கத்து வீட்டுப் பெண்ணையும் அன்றைக்குக் கூப்பிட்டுக் கனி காட்டுங்க. செலவு ஒன்றும் பெரிதாக ஆகாது.

---

நொய்யல்கரை எழுதியது:

எல்லாருக்கும் நன்றிங்க. ஞாயிற்றுக்கிழமை ஈரோட்டுக்குப் போய்வந்தோம். ராத்திரி இரண்டரை மணி பஸ். அவள் புருஷனுக்கு நைட் ஷிப்ட், அதனால் நாங்கள் இரண்டு பேரும் என் மகளும் மட்டும். அக்கா சொன்னபடி சொம்பு, மஞ்சள், வேப்பிலை எல்லாம் எடுத்து வைத்தேன். அவள் ஊரிலிருந்து கொண்டுவந்த லோட்டாவைத்தான் எடுத்துக்கொள்வேன் என்றாள், சரி என்றேன்.

வரிசையில் நிற்கும்போது அக்காவின் அத்தை சொன்னதைச் சொல்லி, மேலிருந்து ஊற்ற வேண்டும் என்று மட்டும் காட்டிக்கொடுத்தேன். அவள் முறை வந்ததும் லோட்டாவை இரண்டு கையிலும் ஏந்தி, நெற்றிக்கு மேலே உயர்த்தி, நூல் மாதிரி மெல்லிசாக விட்டாள். கண் மூடியிருந்தது, உதடு அசைந்துகொண்டே இருந்தது. நாங்கள் எல்லாம் ஒரே ஊற்றாக ஊற்றிவிட்டு நகர்கிற இடத்தில் அவள் தண்ணீர் தீர அவ்வளவு நேரமானது. பின்னால் ஒரு வயசான அம்மா நின்றார், ஈரத்தில் நடுங்கிக்கொண்டு. திட்டப்போகிறார் என்று பயந்தேன். அவர் தன் சொம்பைக் கீழே வைத்துவிட்டு, அவள் முடிக்கிற வரைக்கும் கும்பிட்டபடியே நின்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன், அது என்ன அப்படி ஊற்றினாய் என்று. அவர்கள் ஊரில் சூரியனுக்கு அப்படித்தான் ஊற்றுவார்களாம். சத் பூஜை என்று ஒன்று, பெரியது தீபாவளிக்குப் பிறகு வருகிறது, சைத்ர மாசத்திலும் ஒரு தடவை உண்டு. அது இந்த வாரமே. முப்பத்தாறு மணி நேரம் பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்காமல் விரதம், சாயங்காலம் மறைகிற சூரியனுக்கும் மறுநாள் காலை உதிக்கிற சூரியனுக்கும் தண்ணீரில் நின்றுகொண்டு அர்க்கியம். வெள்ளகோவில் வாத்தியார் எழுதியது, செம்பில் தண்ணீர் சுமந்துகொண்டு தாகத்தோடு நடப்பதைப் பற்றி, அதை அப்போதுதான் அவளுக்குச் சொன்னேன். "அப்படியா தீதி" என்று சொல்லிவிட்டு ரொம்ப நேரம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தாள்.

இங்கே வந்த இரண்டு வருஷத்தில் அவள் அந்த விரதம் இருக்கவில்லை. ஆறும் இல்லை, துணைக்கு ஆளும் இல்லை என்று விட்டுவிட்டாளாம். இந்தத் தடவை இருக்கிறாள். வீட்டுக்கார அம்மாவிடம் பேசி மொட்டை மாடியில் பெரிய டப் வைக்க அனுமதி வாங்கிவிட்டேன். கோதுமை மாவும் வெல்லமும் நெய்யும் போட்டு டேக்குவா சுட அவள் அடுப்பு போதாது, என் அடுப்பையும் கேட்டிருக்கிறாள். கரும்பு, தேங்காய், வாழைத்தார் எல்லாம் சந்தையில் கிடைத்துவிட்டது.

பாக்கி ஒன்றுதான். படையலை வைத்துத் தூக்கிப் பிடிக்க மூங்கில் முறம் வேண்டும், பிளாஸ்டிக் ஆகாதாம். நான் போன கடையிலெல்லாம் பிளாஸ்டிக்தான் இருக்கிறது. திருப்பூரிலோ அவிநாசி, பல்லடம் பக்கமோ மூங்கில் முறம் பின்னுகிறவர்கள் இருந்தால் சொல்லுங்க. வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள் இரண்டு முறம் வேண்டும்.