விறகடுப்புக்குப் பின்னால் கருக்கிய பலகை: தீய்ந்த வாடை வருகிறது, உதவுங்கள்

மலைவீடு:
கோத்தகிரிப் பக்கம் சிறிய வீடு கட்டியிருக்கிறேன். ஜப்பானியர்கள் சுகி மரப் பலகையின் முகத்தைக் கருக்கிச் சுவரில் அடிக்கும் 'யாக்கிசுகி' முறையில் ஆசைப்பட்டு, 20 மி.மீ. சில்வர் ஓக் பலகைகளைக் கேஸ் டார்ச்சால் கருக்கினேன். முதலை முதுகுபோல் வெடித்து அழகாக வந்தது. எரிந்த மரம் மறுபடி எரியாது என்று பலரும் சொன்னதால், இரும்பு விறகடுப்புக்கு ஒரு சாண் தள்ளி அடித்துவிட்டேன். நேற்றிரவு பலகையில் கை வைக்க முடியவில்லை. தீய்ந்த வாடையும் வந்தது. என்ன செய்வது?

தச்சுப்பட்டறை:
தம்பி, முதலில் அடுப்பை மூட்டாதீர்கள். ஒரு பலகையைக் கழற்றிப் பின்பக்கம் நிறம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். ஆளிவிதை எண்ணெய் பூசியிருந்தால் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டுவிடாதீர்கள், அது தானாகவே சூடேறிப் பற்றிக்கொள்ளும். விரித்துப் போட்டு வெளியில் காயவிடுங்கள்.

மலைவீடு:
கழற்றிவிட்டேன் அண்ணா. எண்ணெய் பூசவில்லை. ஆனால் பின்பக்கம் உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்பேறியிருக்கிறது. பெரிய மரக் கட்டடங்களைத் தீயில் கரிதான் காப்பாற்றுகிறது என்று படித்தேனே?

கட்டுமானப் பொறியாளர்:
படித்தது சரிதான், ஆனால் அது தடித்த உத்தரத்தின் கதை. சுமார் 300 டிகிரியில் மரம் கரியாகிறது. அந்தக் கரி சூட்டை எளிதில் உள்ளே விடாது. தீயில் நிற்கும் ஊசியிலை மரம் நிமிடத்துக்கு 0.65 மி.மீ. கருகும் என்று ஐரோப்பிய விதியான யூரோகோட் 5 கணக்கிடுகிறது. அரை மணியில் ஏறக்குறைய 20 மி.மீ. 200 மி.மீ. உத்தரத்தில் பக்கத்துக்கு அவ்வளவு போனாலும் நடுமரம் சுமையைத் தாங்கும். உங்கள் பலகையின் மொத்தத் தடிமனே 20 மி.மீ.தான்! அதிலும் இரண்டு மூன்று மி.மீ.யை நீங்களே எரித்துவிட்டீர்கள்.

முகத்திலிருந்த எரிவாயுப் பொருள்கள் முன்பே போய்விட்டதால் சுவாலை பிடிக்கச் சற்றுத் தாமதமாகலாம். அதை நம்பி அடுப்பருகில் வைக்கக் கூடாது. வெடிப்புகள் வழியாகச் சூடு உள்ளே இறங்கும், கரியும் கனலும். இஸ்திரிப் பெட்டியில் போடுவதும் கரிதானே?

பின்பக்கப் பழுப்புதான் எனக்குக் கவலை தருகிறது. நாள்பட வெந்த மரம் குறைந்த சூட்டிலேயே பற்றக்கூடும். அமெரிக்காவின் என்எஃப்பிஏ 211 விதிப்படி இத்தகைய அடுப்புக்கும் மரச்சுவருக்கும் பொதுவாக 36 அங்குல இடைவெளி வேண்டும். ஒரு அங்குலக் காற்றிடைவெளி விட்டு உலோகத் தகடு நிறுத்தினால் 12 அங்குலம் வரை குறைக்கலாம். தகட்டின் மேலும் கீழும் காற்று போய்வர வேண்டும். ஒரு சாண் எப்படியும் போதாது, அடுப்பை நகர்த்தியே ஆக வேண்டும்.

தச்சுப்பட்டறை:
பழுப்பேறாத பலகைகளை வீட்டின் வெளிச்சுவரில் அடியுங்கள் தம்பி. யாக்கிசுகியே மழைக்கும் பூஞ்சைக்கும் தாங்கத்தான்.

மலைவீடு:
எல்லாவற்றையும் கழற்றியாயிற்று. அடுப்புக்குப் பின்னால் செங்கல் சுவர் எழுப்பக் கொத்தனார் நாளை வருகிறார். பழுப்பேறிய இரண்டு பலகைகளைத் தனியே ஒதுக்கிவிட்டேன். இருவருக்கும் மனமார்ந்த நன்றி.