கேஷ் நம்ம காசிலிருந்து போனதா?

தாராவிக்காரன்:
மும்பை மாட்டுங்காவில் நான் வழக்கமாகக் காபி குடிக்கும் கடையில் நேற்று நெட் படுத்துவிட்டது. கல்லாவில் இருந்த அண்ணன், "கேஷா கொடுங்க தம்பி, அதுவும் நம்ம காசுதான், வெள்ளைக்காரன் தூக்கிட்டுப் போய் கேஷ்னு ஆக்கிட்டான்" என்றார். வாட்ஸ்அப்பிலும் இந்தக் கதையைப் பார்த்திருக்கிறேன். உண்மையா, இல்லை அளக்கிறாரா?

சயான் அக்கா:
பாதி அளக்கிறார். ரொக்கம் என்ற பொருளில் வரும் கேஷுக்கு வேர் லத்தீன் காப்சா, அதாவது பெட்டி. அது இத்தாலியனில் காஸ்ஸா ஆகி, பிரெஞ்சு வழியாக 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்கு வந்தபோது பணப்பெட்டியையும் கேஷ் என்றுதான் சொன்னார்கள், அப்புறம் பெட்டி கழன்றுபோய் உள்ளே இருந்த பணம் மட்டும் நின்றுவிட்டது. நாமும் கடையை மூடும்போது "இன்னைக்குக் கல்லா எவ்வளவு?" என்று கேட்கிறோமே, பெட்டியின் விலையையா கேட்கிறோம்? சூட்கேஸில் இருக்கும் கேஸும் இதே காப்சாவின் பிள்ளைதான்.

தாராவிக்காரன்:
அப்போ மீதிப் பாதி?

பழங்காசுப் பைத்தியம்:
அதற்குத்தான் வந்தேன். ஆங்கில அகராதியில் கேஷ் என்று இன்னொரு சொல் தனியாக இருக்கிறது, நம் பக்கத்துச் சில்லறை நாணயத்துக்கு. அது நம்ம காசேதான். போர்ச்சுகீசியர் வாயில் காசு கைஷா ஆயிற்று, வேடிக்கை என்னவென்றால் அவர்கள் மொழியில் பெட்டிக்கும் கைஷாதான், ஆக இரண்டும் அங்கேயே ஒட்டிக்கொண்டன. நடுவில் சதுர ஓட்டை போட்ட சீனச் செப்புக்காசுக்கும் ஆங்கிலேயர் இதே பெயரை வைத்தார்கள். பழைய மெட்ராஸ் கணக்கில் 80 காசு சேர்ந்தால் 'பணம்' என்ற ஒரு நாணயம், 42 பணம் சேர்ந்தால் நட்சத்திர வராகன் என்ற ஒரு பொன் நாணயம். என்னிடம் 1808ஆம் வருஷத்துக் கிழக்கிந்தியக் கம்பெனி செப்புக்காசு ஒன்று இருக்கிறது, ஒரு பக்கம் சிங்கங்கள் தாங்கும் கேடயம், மறுபக்கம் பாரசீக எழுத்து, அதற்குக் கீழே ரோமன் எண்ணில் இருபது போட்டு, பக்கத்தில் ஆங்கிலத்தில் கேஷ். தேய்ந்திருந்தாலும் அந்தச் சொல் இன்னும் படிக்க வருகிறது.

தாராவிக்காரன்:
படம் எடுத்துப் போடுங்க சார், நாளைக்குக் கல்லா அண்ணனிடம் காட்ட வேண்டும். பெட்டி கதையை அப்புறம் சொல்லிக்கொள்கிறேன், முதலில் காபி வரட்டும்.