பாப்கேட்டுக்குப் புதர் வெட்டும் அட்டாச்மெண்ட், உள்ளூர் பட்டறையில் செய்வது: அனுபவப் பகிர்வு

கோத்தகிரி பட்டறை:

கைவிட்ட தேயிலைத் தோட்டத்தில் நாலைந்து வருஷத்தில் உண்ணிச்செடியும் சீகை (வாட்டில்) மரக் கன்றும் ஆள் உயரத்தைத் தாண்டிவிடும். தோளில் மாட்டும் மெஷினோடு அதில் இறங்கினால் பிளேடும் தேயும், ஆளும் தேய்வார். பாப்கேட் (முன்னால் பக்கெட் மாட்டும் சிறிய லோடர் வண்டி) ஏற்கெனவே கையில் இருந்து, கம்பெனி அட்டாச்மெண்ட் விலையைக் கேட்டுத் திரும்பி வந்தவர்களுக்காக இதை ஆரம்பிக்கிறேன். இரும்பு விலை வாரத்துக்கு வாரம் மாறுவதால் ரூபாய்க் கணக்கு வேண்டாம். அளவு, எடை, எது உடைந்தது, ஏன் உடைந்தது, அதை மட்டும் எழுதுங்கள்.

மலிவாக முடிய ஒரே வழி, டிராக்டர் பின்னால் இழுத்துப் போய்ப் புதர் வெட்டும் பழைய ஸ்லாஷர்தான். அதிலிருந்து கியர்பாக்ஸ், அடியில் தொங்கும் வட்டத்தட்டு, பிளேடு போல்ட் மூன்றையும் எடுத்துக்கொண்டு கூரைத் தகட்டைப் புதிதாக அடிக்க வேண்டும். டிராக்டர் தகடு இழுத்துப் போவதற்காகச் செய்தது. நமக்கோ முன்னால் தள்ளிக்கொண்டு போக வேண்டும், அதனால் முன்வாய் திறந்திருக்க வேண்டும்.

4 அடி வெட்டு அகலத்துக்கு: மேல்தகடு 6 மி.மீ., 1300 × 1400 அளவு. பக்கவாட்டும் பின்புறமும் 8 மி.மீ. தகடு, 200 மி.மீ. உயரம். மேலே 75 × 40 சேனல் இரண்டு, கியர்பாக்ஸின் இருபுறமும் முன்னிருந்து பின்வரை ஒரே நீளமாக. வட்டத்தட்டு 10 மி.மீ., 600 விட்டம். பிளேடு இரண்டு, ஒவ்வொன்றும் 100 × 10 × 380, மூன்று கிலோ. எல்லாம் சேர்ந்து 300 கிலோ பக்கம் நிற்கும். 600 கிலோ தூக்கும் சிறிய பாப்கேட்டுக்கு இது சுமை இல்லை.

வண்டியில் மாட்டும் தட்டைப் புதிதாக வெட்டி மெனக்கெட வேண்டாம். பழைய இரும்புக் கடையில் கிழிந்த பக்கெட் கிடைக்கும், அதன் முதுகுத்தட்டை அப்படியே அறுத்து எடுங்கள். பட்டறைத் தரையில் வைத்து வெல்டிங் போட்டால் சூட்டில் தட்டு வளைந்து, பிறகு வண்டியோடு பூட்டும் முளை உள்ளே இறங்காது. மெஷினில் மாட்டிப் பூட்டிய நிலையிலேயே புள்ளி வெல்டிங் வைத்து, பிறகு கழற்றி முழுத் தையல் போடவும். வெல்டிங்குக்கு முன் வண்டியின் பேட்டரி இணைப்பைக் கழற்ற மறக்காதீர்கள்.

மேட்டுப்பாளையம் ஹைட்ராலிக்:

அண்ணன் சொன்ன தகடு வேலையை எந்தப் பட்டறையும் செய்துவிடும். பணம் கரைவது பிளேடைச் சுற்றும் ஹைட்ராலிக் மோட்டாரில். முதலில் அட்டாச்மெண்டுக்கு ஆயில் தரும் வண்டியின் துணை லைனில் எவ்வளவு ஆயில் வருகிறது என்று மீட்டர் வைத்துப் பாருங்கள். சிறிய வண்டிகளில் நிமிடத்துக்கு 60 முதல் 70 லிட்டர். கணக்குக்கு 65 என்று வைத்துக்கொள்வோம்.

அடுத்து கியர்பாக்ஸ். பெயர்த்தகடு பெரும்பாலும் துருவில் போயிருக்கும். உள்தண்டில் சாக்பீஸ் கோடு போட்டுக் கையால் 10 சுற்று சுற்றி, கீழ்த்தண்டு எத்தனை சுற்று வருகிறது என்று எண்ணினால் போதும். 19க்குச் சற்று மேல் வந்தால் விகிதம் 1.93.

125 சிசி ஆர்பிட் மோட்டாருக்கு (ஒரு சுற்றுக்கு 125 மி.லி. ஆயில் குடிக்கும் ஹைட்ராலிக் மோட்டார்) 65 லிட்டர் கொடுத்தால் ஏட்டுக் கணக்கில் நிமிடத்துக்கு 520 சுற்று. கசிவுக்கு 7 சதவீதம் கழித்தால் 484. அதை 1.93ஆல் பெருக்கினால் பிளேடில் 930 சுற்று. 1.2 மீட்டர் விட்டத்தில் பிளேடு நுனி விநாடிக்கு 58 மீட்டர், அதாவது மணிக்கு 210 கி.மீ. வேகம். புதருக்கு இது தாராளம். கியர்பாக்ஸ் 1.47 விகிதமாக இருந்தால் 100 சிசி மோட்டார் போடுங்கள், ஏறக்குறைய 890 சுற்று வரும். அதற்கு மேல் வேகத்துக்கு ஆசைப்பட்டு இன்னும் சிறிய மோட்டார் போட்டால் முறுக்கு குறையும். கட்டைவிரல் தடிமன் தண்டிலேயே திணறும்.

ஆர்பிட் மோட்டார் வாங்கும்போது ஓஎம்எஸ் வகையா என்று கேட்டு வாங்குங்கள். 125 சிசியில் அது 75 லிட்டர் வரை தொடர்ந்து ஏற்கும், 200 பார் அழுத்தமும் தாங்கும். ஓஎம்பி வகை பார்க்க அதே மாதிரி, விலையும் குறைவு. ஆனால் 140 பாருக்கு மேல் தொடர்ந்து ஓட்டினால் ஆயுள் போய்விடும்.

சிலர் கியர்பாக்ஸே வேண்டாம் என்று 60 சிசி கியர் மோட்டாரின் தண்டில் நேராக வட்டத்தட்டை மாட்டுகிறார்கள். கட்டையில் இடிக்கும் அடி முழுவதும் மோட்டாரின் முன்புஷ்ஷில் இறங்கும். அப்படித்தான் செய்வேன் என்றால் இடையில் டிராக்டர் முன்சக்கர ஹப் ஒன்றைத் தாங்கியாகப் போடுங்கள். டேப்பர் பேரிங் இருப்பதால் மேலும் கீழும் வரும் அடியை அது வாங்கிக்கொள்ளும்.

மோட்டாருக்கும் கியர்பாக்ஸுக்கும் இடையில் ஸ்பைடர் கப்ளிங், அதாவது நடுவில் ரப்பர் வைத்த இணைப்பு. மோட்டார் பக்கம் 32 மி.மீ. தண்டு, அது வழுக்காமல் பூட்டக் கீ என்ற இரும்புத் துண்டு. கியர்பாக்ஸ் பக்கம் டிராக்டர் பிடிஓ தண்டுக்கான ஆறு பல் ஸ்லீவ். ஸ்லீவைக் கப்ளிங்கின் ஹப்பில் வெல்டிங் போட்டு ஒட்டாதீர்கள், லேத்தில் துளை போட்டு இறுக்கமாக ஏற்றுங்கள். வெல்டிங் கொஞ்சம் கோணினாலும் ஸ்பைடர் ரப்பர் சீக்கிரமே பொடியாகி, அடுத்து மோட்டார் சீல் போகும்.

கொடைக்கானல் மேல்மலை:

மோட்டார் கணக்கு சரி. ஓடுவதை நிறுத்தும் கணக்கை யாரும் சொல்லவில்லையே?

வட்டத்தட்டும் இரண்டு பிளேடும் 930 சுற்றில் வைத்திருக்கும் ஆற்றல் சுமார் 10 கிலோஜூல். ஒரு டன் எடையை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து போடுவதற்குச் சமம். ஓட்டுநர் சுவிட்சை விட்டதும் வால்வு இரண்டு லைனையும் அடைத்துவிடும், ஆனால் பிளேடு நிற்காது. மோட்டார் பம்ப்பாக மாறி, ஒருபக்கம் ஆயிலை உறிஞ்சி மறுபக்கம் அடைத்த லைனில் தள்ளும். ஹோஸ் வெடிக்கும், இல்லாவிட்டால் கீ அறுந்துபோகும். முதல் நாளிலேயே இது நடக்கலாம்.

ஆயில் திரும்பிப் போகும் லைனிலிருந்து, மோட்டாருக்கு ஆயில் வரும் லைனுக்கு, முக்கால் அங்குல ஒருவழி வால்வு ஒன்றைக் குறுக்கே போட்டால் ஆயில் தனக்குள்ளேயே சுற்றி, பிளேடு மெதுவாக நிற்கும். அரை நிமிடம்கூட ஆகும். அதுவரை சீட்டை விட்டு இறங்கக் கூடாது. இந்த வால்வு போட்ட பிறகு ஹோஸை மாற்றி மாட்டினால் ஆயில் குறுக்கு வழியில் ஓடிவிடும், மோட்டார் அசையாது. மோட்டார் போச்சு என்று கழற்றுவதற்கு முன் இதைப் பாருங்கள். ஹோஸைச் சொருகும் கப்ளரில் சிவப்பு, நீலம் பெயின்ட் அடித்து வைத்தால் தலைவலி இல்லை.

மூன்றாவதாக ஒரு மெல்லிய ஹோஸ் உண்டு, மோட்டாருக்குள் கசியும் ஆயிலை வெளியே விடும் கேஸ் டிரெயின். அது நேராக டேங்குக்குப் போக வேண்டும். அந்தக் கப்ளர் முழுதாகச் சொருகாமல் இருந்தால் தண்டு சீல் பிதுங்கி வெளியே வரும்.

இன்னொன்று: கொடைக்கானல், ஊட்டி உயரத்தில் டர்போ இல்லாத டீசல் எஞ்சின் கடல்மட்ட வலுவில் ஐந்தில் ஒரு பங்கை இழக்கிறது. கீழே கோவையில் சோதித்தபோது அருமையாக வெட்டிய அதே மெஷின் மேலே வந்து மூச்சு வாங்கும். ஆக்சிலேட்டரை முழுக்க வைத்து, முன்னால் போகும் வேகத்தைப் பாதியாகக் குறைப்பதுதான் வழி. 5 அடி அகலம் செய்யலாமா என்று கேட்பவர்களுக்கும் இந்த வலுக்குறைவுதான் பதில்: வேண்டாம்.

குன்னூர்:

லாரி ஸ்பிரிங் பட்டையில் பிளேடு அடிக்கலாமா சார்? நல்ல இரும்பு, எடைக்கு எடை கிடைக்கும்.

கோத்தகிரி பட்டறை:

தம்பி, காசு மிச்சம் பிடிக்க எத்தனையோ இடம் இருக்கிறது, இது மட்டும் வேண்டாம். ஓடும்போது ஒவ்வொரு பிளேடும் தன் போல்ட்டை 1.2 டன் விசையில் இழுக்கிறது. ஸ்பிரிங் பட்டை கெட்டியானது, ஆனால் கேஸ் கட்டிங்கில் துளை போட்டால் சுற்றிலும் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். விரிசல் அந்தத் துளை ஓரத்தில்தான் ஆரம்பிக்கும், கண்ணுக்குத் தெரியாது. பாறையில் ஒரு அடி பட்டால் மூன்று கிலோத் துண்டு 200 கி.மீ. வேகத்தில் கிளம்பும். டிராக்டர் ஸ்பேர் கடையில் ஸ்லாஷர் பிளேடு ஜோடியாகவே விற்கிறது. அது வளையும், உடையாது.

வாங்கியதையும் தராசில் போடுங்கள். இரண்டுக்கும் 30 கிராம் வித்தியாசம் இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் 12 கிலோ விசை தண்டைப் பிடித்து ஆட்டும். கனமானதைப் பின்முனையில் சாணை பிடித்து 10 கிராமுக்குள் கொண்டுவாருங்கள். போல்ட் 10.9 கிரேடு, எம் 24, கழுத்து வைத்தது. பிளேடு கையால் தட்டினால் சுழல வேண்டும், இறுகியிருந்தால் கட்டையில் மோதும்போது விலகிக்கொள்ளாது. விளிம்பைக் கத்தி மாதிரித் தீட்டவும் வேண்டாம். 2 மி.மீ. மொட்டையாக விட்டால்தான் நிற்கும்.

கூடலூர்:

வெட்டப் போகும் இடத்தில் முதலில் கம்போடு நடந்து பார்ப்பது பாதி வேலை. பழைய தேயிலைக் காட்டில் புதருக்கடியில் கான்டூர் வாய்க்காலும் வண்டல் குழியும் மூடிக் கிடக்கும், ஒரு பக்க டயர் இறங்கினால் வண்டி சாயும். பழைய வேலிக் கம்பி அதைவிட மோசம். வட்டத்தட்டுக்கு மேலே தண்டில் நூல்கண்டு மாதிரிச் சுற்றி, கியர்பாக்ஸ் சீலைத் தின்றுவிடும். பிறகு 90 நம்பர் ஆயில் எல்லாம் மண்ணில். சீலைச் சுற்றி ஒரு குழாய்த் துண்டை வளையமாக வெல்டிங் வைத்தால் கம்பி உள்ளே போகாது. காட்டெருமையும் கரடியும் பகலில் உண்ணிப் புதரில் படுத்திருப்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். ஹார்ன் அடித்து, வெளியேற ஒரு பக்கம் வழி விட்டு ஆரம்பியுங்கள்.

முன்வாயில் 8 மி.மீ. சங்கிலி இரண்டு வரிசை, இடைவெளி தெரியாதபடி மாற்றி மாற்றித் தொங்கவிட வேண்டும். கேபின் முன்பக்கம் 12 மி.மீ. பாலிகார்பனேட். அக்ரிலிக் போடாதீர்கள், அது சில்லுச் சில்லாக உடைந்து முகத்தில் வரும். சுற்றிலும் 100 மீட்டருக்குள் ஆள் நிற்கக் கூடாது. கல் நிறைந்த மண்ணில், தகடு தரையில் சறுக்கிப் போகும் சறுக்குக் கட்டையைக் கீழே இறக்கி மாட்டி வெட்டு உயரத்தை 150 மி.மீ. ஆக்கிக்கொள்ளுங்கள். காய்ந்த உண்ணி இலைத்தூள் ரேடியேட்டரை அடைக்கும், மணிக்கு ஒருமுறை காற்றடிக்கவும்.

கொடைக்கானல் மேல்மலை:

சரிவில் குறுக்கே ஓட்டவே வேண்டாம். வண்டியின் கனம் பின்பக்கம். அதனால் பின்புறமாக மேலே ஏறி, முன்னால் வெட்டிக்கொண்டே இறங்குங்கள். தகட்டைத் தரையோடு ஒட்டியே வைக்க வேண்டும். 15 டிகிரிக்கு மேல் சாய்வென்றால் ஆள் வைத்து வெட்டுவதே மலிவு. மழைக்குப் பிறகு செம்மண்ணில் 10 டிகிரியே அதிகம்.

நீலகிரியில் மண் அள்ளும் இயந்திரத்துக்கு மாவட்ட நிர்வாக அனுமதி கேட்பார்கள். பாப்கேட் சிறியதுதானே என்று இறக்கிவிட்டுப் பிறகு ஓட வேண்டாம். மரமாக வளர்ந்த எதுவும் 1955ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும், அதற்குத் தனி அனுமதி வேண்டும். சோலை ஓரத்தில் இந்த மெஷினுக்கு வேலையே இல்லை.

கூடலூர்:

ஒன்று விட்டுப்போச்சு. இந்த மெஷின் உண்ணியை வெட்டும், ஒழிக்காது. தரைக்கு மேல் வெட்டினால் ஒரு மழையில் பத்துத் தளிராக வரும். டெல்லிப் பல்கலைக்கழகத்தின் சி.ஆர். பாபு குழு சொன்ன முறைதான் இதற்குச் சரி: தண்டும் வேரும் சேரும் இடத்துக்குக் கீழே, மண்ணுக்குள் 3 முதல் 5 செ.மீ. ஆழத்தில் மூலவேரை வெட்டி, தூரைப் பிடுங்கித் தலைகீழாகப் போட வேண்டும். மெஷின் மேல்கொடியை அரைத்து வழி போட்டுக் கொடுத்தால், கொத்தோடு இரண்டு பேர் பின்னால் வருவது சுலபம். பிளேடு முழுதாக நின்று, சாவியை எடுத்த பிறகுதான் அவர்கள் உள்ளே வர வேண்டும்.

ஊட்டிப் பக்கம் ஸ்காட்ச் புரூம், கோர்ஸ் என்ற அந்நியப் புதர்களை வெட்டியவர்கள் தகட்டின் அடியைக் கழுவாமல் அடுத்த தோட்டத்துக்கு ஏற்றாதீர்கள். அந்த விதைகள் மண்ணில் பல வருஷம் உயிரோடு கிடக்கும். தண்ணீரை வெட்டிய இடத்திலேயே ஊற்றிக் கழுவுங்கள், ஓடைப் பக்கம் வேண்டாம்.