எடைக்குறைப்பு சர்ஜரிக்குப் பிறகு சோர்வு: காபி இல்லாமல் சமாளிப்பது எப்படி?

கிரீன்டீ கட்சி:
வயிற்றின் பெரும்பகுதியை வெட்டியெடுக்கும் ஸ்லீவோ, வயிற்றைச் சிறு பையாக்கிச் சிறுகுடலோடு இணைக்கும் பைபாஸோ, முதல் சில வாரங்களுக்குக் காபி வேண்டாம் என்றுதான் பல மருத்துவர்கள் சொல்கிறார்கள். காபி இல்லாமல் மூளை ஓடவில்லை என்பவர்களுக்கு என் யோசனை: காலையில் ஒரு கப் கிரீன் டீ, மாதம் ஒரு பி12 ஊசி, முற்பகலில் தலை கிறங்கினால் அரை டம்ளர் பழச்சாறு. இவ்வளவு போதும்.

கணக்குப்பிள்ளை:
மூணு யோசனை, மூணிலும் ஓட்டை.

கிரீன் டீ ஒரு கப்புல சுமார் 30 மி.கி. கஃபீன் இருக்கு. காபியைவிடக் குறைவு, சரி. ஆனா கஃபீனை விட்டதா ஆகாது.

பழச்சாறு இன்னும் மோசம். பைபாஸ் ஆனவங்களுக்குச் சர்க்கரை வேகமா சிறுகுடலுக்குப் போயிடும். 10லிருந்து 30 நிமிஷத்துல படபடப்பு, வியர்வை, வயித்தைப் பிசையறது. இதுதான் டம்பிங். இன்னொரு வகை, சாப்பிட்டு 1–3 மணி நேரம் கழிச்சு வரும். இன்சுலின் அளவுமீறிச் சுரந்து சர்க்கரை இறங்கிடும். கை நடுங்கும், கவனம் ஒரு இடத்துல நிக்காது. பெரும்பாலும் சர்ஜரி முடிஞ்சு ஒரு வருஷத்துக்கு அப்புறம்தான் இது தலைகாட்டும், அதனால சர்ஜரியோட சேர்த்து யாரும் யோசிக்கறதில்ல. அப்போ தெம்புக்குன்னு இன்னொரு டம்ளர் சாறு குடிச்சா மறுபடி அதே சுத்துதான்.

பி12 ஊசி தேவைதான், ஆயுசுக்கும் தேவை. ஆனா அது தெம்பு ஊசி இல்ல. கல்லீரல்ல சேர்ந்திருக்கற பி12 பொதுவா வருஷக்கணக்குல தாங்கும். ரெண்டாவது மாசச் சோர்வுக்கு அது காரணமா இருக்கறது அபூர்வம். ரொம்ப நாளா மெட்ஃபார்மின்ங்கற சுகர் மாத்திரை எடுத்தவங்க விதிவிலக்கு, அவங்க இருப்பே குறைவா இருக்கலாம்.

கிரீன்டீ கட்சி:
அப்படியானால் எதுவுமே கூடாதா? காபி தண்ணீரை வெளியேற்றும், வயிற்றைப் புண்ணாக்கும். 30 மி.கி. என்ன செய்துவிடப் போகிறது?

இரவு ஷிஃப்ட்:
காபி மேல் இல்லாத பழியையும் போட வேண்டாம். அளவான காபியால் உடல் வறண்டு போகாது. பைபாஸில் வயிற்றையும் குடலையும் இணைத்த இடத்தில் வரும் புண்ணுக்கு நன்கு தெரிந்த காரணங்கள் புகையும், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளும். காபி மீதான சாட்சியம் அவ்வளவு வலுவானதல்ல.

ஆரம்பத்தில் உண்மையான சிக்கல் இடம்தான். ஸ்லீவ் வயிறு கொள்வது சுமார் 100–150 மி.லி. நாளுக்கு ஒன்றரை லிட்டர் திரவமும் குறைந்தது 60 கிராம் புரோட்டீனும் அதற்குள் போயாக வேண்டும். விழித்திருக்கும் 15 மணி நேரத்துக்கு மணிக்கு 100 மி.லி., அதையும் சின்னச் சின்ன மடக்காக. சாப்பிட்ட பின் அரை மணி நேரம் குடிக்கக் கூடாது என்பதால் இழந்த நேரத்தை இடையில் ஈடுகட்ட வேண்டும். இந்த வரிசையில் காபி ஒரு கப் நுழைந்தால் வெளியே போவது தண்ணீரோ புரோட்டீனோதான்.

இன்னொன்று: காபியைத் திடீரென்று நிறுத்தினால் 12–24 மணி நேரத்தில் தலைவலி தொடங்கும், ஒரு வாரம்கூட நீடிக்கலாம். அதற்கு ஐபுப்ரோஃபென் போட்டுக்கொள்பவர்கள் உண்டு. பைபாஸுக்குப் பிறகு செய்யவே கூடாதது அது. சர்ஜரிக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே, மூன்று நாளுக்கு ஒருமுறை கால் கப் வீதம் குறைத்தால் இந்த வம்பே இல்லை.

கிரீன்டீ கட்சி:
தண்ணீர், புரோட்டீன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எல்லாச் சோர்வுக்கும் ஒரு காரணம் தேடுகிறீர்கள். முதல் மாதங்களில் ஆயிரம் கலோரிக்கும் குறைவாகச் சாப்பிடுபவர் சோர்வது இயல்புதானே? தினமும் மிட்டாய் போல மெல்லும் மல்டிவைட்டமின் கம்மி (gummy) ஒன்று போட்டுக்கொண்டு காத்திருக்கலாம்.

கணக்குப்பிள்ளை:
காத்திருக்கலாம், கம்மியை நம்பி இல்ல. பெரும்பாலான கம்மியில இரும்புச்சத்தே கிடையாது. மாதவிடாய் வர்ற பெண்களுக்கும் பைபாஸ், ஸ்லீவ் ஆனவங்களுக்கும் நாளுக்கு 45–60 மி.கி. இரும்பு வேணும். கால்சியம் சிட்ரேட்டா, ஒரு வேளைக்கு 500–600 மி.கி.க்கு மேல போகாம. கால்சியம் கார்பனேட்டுக்கு வயித்து அமிலம் வேணும், சர்ஜரி ஆனவங்களுக்கு அது குறைவு. இரும்புக்கும் கால்சியத்துக்கும் நடுவுல 2 மணி நேரம். தைராய்டு மாத்திரை இருந்தா இந்த ரெண்டுலேர்ந்தும் 4 மணி நேரம் தள்ளி. எல்லாத்தையும் ராத்திரி ஒரே வாயில போட்டு முழுங்கினா பாதி வீண்.

ஹீமோகுளோபின் நார்மல்னு விட்டுடாதீங்க, உடம்புல இரும்பு இருப்பைக் காட்டற ஃபெரிட்டின் அதுக்கு முன்னாடியே இறங்கும். முடி கொட்டுதுன்னு பயோட்டின் வைட்டமின் போடறவங்க ரத்த டெஸ்ட்டுக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடி நிறுத்தணும்; தைராய்டு ரிப்போர்ட்டையே அது தப்பாக்கும்.

இரவு ஷிஃப்ட்:
பழைய பிரஷர், சுகர் மாத்திரைகளை விட்டுவிட்டீர்களே. எடை இறங்க இறங்க அதே டோஸ் அதிகமாகிவிடும். எழுந்தால் தலைசுற்றல், மதியத்தில் மயக்கம் என்றால் டாக்டரைப் பார்த்து டோஸை மாற்ற வேண்டும். அதற்கு எந்த டீயும் மருந்தாகாது. தூக்க மூச்சடைப்புக் கருவி வைத்திருப்பவர்களும் "மெலிந்துவிட்டேன்" என்று தாங்களாகக் கழற்றக் கூடாது.

காத்திருக்கவே கூடாத ஒன்று: பல நாள் வாந்தி, கூடவே பார்வை இரட்டையாவது, நடை தள்ளாடுவது, குழப்பம். இது தயமின் (வைட்டமின் பி1) குறைவாக இருக்கலாம்; உடலில் அதன் இருப்பு இரண்டு மூன்று வாரத்தில் தீர்ந்துவிடும். உடனே எமர்ஜென்சிக்குப் போய் சர்ஜரி ஆனதை முதலில் சொல்ல வேண்டும். தயமின் இல்லாமல் குளுக்கோஸ் டிரிப் மட்டும் ஏற்றினால் நிலைமை மோசமாகலாம்.

கிரீன்டீ கட்சி:
பழச்சாற்றை வாபஸ் வாங்குகிறேன், கம்மியையும். மூன்று மாதத்துக்குப் பிறகு, தண்ணீரும் புரோட்டீனும் கணக்கு நிறைந்த நாளில், காலையில் ஒரு கப் கிரீன் டீக்கு என்ன தடை?

கணக்குப்பிள்ளை:
உங்க டாக்டர் சரின்னா தடையில்ல. இரும்பு மாத்திரையிலேர்ந்து ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிங்க, டீயும் இரும்பைப் பிடிச்சு வெச்சுக்கும். ஃபெரிட்டின் ஏற்கெனவே குறைவா இருந்தா, ஏறின அப்புறம் டீ.